ஸ்டிக்கர் அக்காவும் பன்னிரண்டு சென்ட் பூங்காவும்

கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து முடித்தபோது ஸ்டிக்கர் அக்கா பக்கத்தில் இருந்திருந்தால், ஏழாம் நாள் அவருக்கு ஓய்வே கிடைத்திருக்காது. மலைகளில் பாதிக்குச் சிவப்பு அம்புக்குறி ஒட்டி, 'இதெல்லாம் கோணலா இருக்குது, சரி பண்ணி எடுத்தாங்க' என்று திருப்பி அனுப்பியிருப்பார். கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. மூன்று வருடம் அவரோடு மாரடித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் ஹைவேயை ஒட்டிய ஒரு பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே கிளார்க். மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டாப் பொருள் தயாரிப்பது, அதைக் கூட்டத்தில் வாசிப்பது, முடிந்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவது எல்லாம் என் வேலை. அக்கா நான்காம் வார்டு கவுன்சிலர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் செயல் அலுவலரிலிருந்து குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் மட்டும் எப்படித் தங்கச்சி என்று கூப்பிடுவது?

கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் அக்கா ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங்கில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் இந்த வேலை தெரியாதவர்கள் கிடையாது. தைத்து முடித்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல் விட்ட இடம், பசை வழிந்த இடம், தோலில் தழும்பு தெரிகிற இடம், எங்கே குறையோ அங்கே நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். அம்பு விழுந்த ஷூ வந்த வழியே திரும்பிப் போகும். அக்கா வேலையை விட்ட அன்று கம்பெனியில் சால்வை போட்டார்கள். சால்வையை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஸ்டோரில் கேட்டு வாங்கிய ஒரு பெட்டி ஸ்டிக்கரை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் பெட்டி ஊரை என்ன பாடு படுத்தியது என்று எழுதினால் இந்த இதழ் போதாது. தன் சொந்த அண்ணன் மகனின் கல்யாணத்தில், மேடையேறி ஆசீர்வாதம் பண்ணிய கையோடு மாப்பிள்ளையின் கோட்டுக் காலரில் ஓர் அம்பை ஒட்டிவிட்டு இறங்கினார். தையல் கால் இஞ்ச் விலகியிருந்ததாம். யாரும் கவனிக்கவில்லை. ஆல்பம் வந்தபோதுதான், எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்து ஒரு சிவப்பு அம்பு நிற்பது தெரிந்தது. பொண்ணு வீட்டார் அதை ஏதோ மாப்பிள்ளை வீட்டுச் சர்ச் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் மன்றக் கூட்டத்தில் தலைவருக்குப் புது நாற்காலி போட்டிருந்தோம். தலைவர் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், ஆனால் நாற்காலி என்றால் கொஞ்சம் பலவீனம். "ஒரிஜினல் லெதர்" என்று அதன் கையைத் தட்டிக்காட்டினார். அக்கா எழுந்து போய், அவர் உட்கார்ந்திருக்கும்போதே முதுகுப்பக்கம் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ரெக்சின், தலைவரே."

"இல்லக்கா, லெதர்னுதான் சொன்னான்..."

"தோல் ஊர்ல பொறந்துட்டு ரெக்சின்ல ஒக்காந்துக்கினு இருக்கீங்க. வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்க" என்று சொல்லி, தலைக்கு மேலே ஓர் அம்பை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். தலைவர் அதைப் பிய்த்தெடுக்கவில்லை. பிய்த்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

எங்கள் மன்றத்தில் அதற்கு முன் ஓர் அழகான வழக்கம் இருந்தது. நான் முதல் பொருளை வாசிக்கத் தொடங்குவேன். 'மன்றத்தின் பார்வைக்கும்' என்ற இடம் வருவதற்குள் யாராவது "ஆல் பாஸ்!" என்பார்கள். எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். முப்பது பொருளும் ஒரே தட்டில் தீர்மானமாகிவிடும். போண்டா ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். அக்கா வந்தார், வழக்கம் போயிற்று. ஒவ்வொரு பொருளையும் முழுதாக வாசிக்கச் சொல்வார். கேட்டுவிட்டு மறுபடி வாசிக்கச் சொல்வார். நான் எழுதிய தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது, ஒரு பக்கத்துக்கு நான்கு அம்பாவது இருக்கும். ஆடிட்டில்கூட நான் அவ்வளவு வியர்த்ததில்லை.

இப்படியிருக்கும்போதுதான் பூங்கா வந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பேரூராட்சிக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு சென்ட் இடம் சும்மா கிடந்தது. ஒரு பக்கம் பழைய தோல் குடோனின் நீளமான சுவர், மற்றப் பக்கமெல்லாம் சீமைக்கருவேலம். அங்கே சமுதாயப் பூங்கா அமைக்கலாம், என்னென்ன வசதி வேண்டுமென்று மன்றமே முடிவு செய்து அனுப்பலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு கூட்டத்துக்குள் முடிவாக வேண்டும். இல்லாவிட்டால் பூங்கா வேறு ஊருக்குப் போய்விடும். பன்னிரண்டு சென்ட் என்பது நான்கைந்து வீடு கட்டும் இடம். எங்கள் மன்றம் அதற்குள் உலகத்தையே அடக்கப் பார்த்தது.

தலைவருக்கு நீரூற்று வேண்டும்.

"கலர் லைட் போட்டு பவுண்டன் வெச்சா, ஹைவேல போற கார்லாம் நிக்கும்" என்றார்.

"நின்னு இன்னா பண்ணும்?" என்றார் அக்கா.

"பாக்கும்."

"என் வார்டுக்கு அஞ்சு நாளைக்கு ஒரு தபா தண்ணி வுடறீங்க. பவுண்டன் வெச்சா காரு நிக்காது தலைவரே, கொடம்தான் நிக்கும்."

அடுத்து எழுந்தவர் ஒன்பதாம் வார்டு. சரியாகச் சொன்னால், ஒன்பதாம் வார்டின் வீட்டுக்காரர். கவுன்சிலர் அவருடைய மனைவி. அந்த அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து, கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். அவர் குரல் எப்படியிருக்கும் என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. பேசுவதெல்லாம் வீட்டுக்காரர்தான். சட்டப்படி அவர் உள்ளே வரக் கூடாது. வழக்கப்படி பின்வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. பதினைந்து கவுன்சிலர்களில் எட்டுப் பேர் பெண்கள். அக்காவைத் தவிர மற்ற ஏழு பேருக்கும் பின்வரிசையில் இப்படி ஒரு நாற்காலி உண்டு.

ஒன்பதாம் வார்டு வீட்டுக்காரர் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருந்தார். "நம்ம ஊரு அடையாளமா பதினஞ்சு அடில ஒரு ஷூ வெச்சிரலாம். ஜனங்க முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துக்கும்" என்றார்.

மேஜை தட்டப்பட்டது. அக்கா எழுந்தார்.

"எந்தக் காலு?"

"இன்னாக்கா?"

"லெஃப்ட்டா, ரைட்டா?"

"ஏதோ ஒண்ணுக்கா. ஒரு ஷூதானே."

"ஒத்த ஷூவ எந்த பாக்ஸ்ல போட்டு அனுப்புவ? ஜோடியா இருந்தாதான் பாஸ். ஒத்த ஷூ ரிஜெக்ட்."

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஷூ தைத்து வாழ்கிறவர்கள். ஒற்றை ஷூ என்றதும் எல்லோருக்கும் மனசு உறுத்தத் தொடங்கிவிட்டது. ஊர் முகப்பில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் யாரோ குடித்துவிட்டு விழுந்த மாதிரி இருக்காதா என்றார் ஒருவர். அரைமணி நேரம் விவாதம். ஜோடியாக வைத்தால் பூங்காவுக்கு இடமிருக்காது என்று, கட்டட வேலைகளைப் பார்க்கும் எங்கள் ஓவர்சியர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஷூவை ஐந்தடியாகக் குறைத்து ஜோடியாக வைப்பது என்று முடிவானது. ஐந்தடி ஷூ பார்க்க எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

ஓவர்சியருக்குச் சொந்தமாக ஓர் ஆசை இருந்தது. எட்டு வடிவ நடைபாதை. எட்டுப் போட்டு நடந்தால் சர்க்கரை குறையும் என்று படித்திருந்தார். மீதமிருந்த இடத்துக்கு அடங்குகிற மாதிரி ஓர் எட்டை அலுவலக முற்றத்தில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். தலைவர் இறங்கிப்போய் ஆர்வமாக நடந்தார். மூன்றாவது சுற்றில் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சர்க்கரை குறைந்ததா தெரியவில்லை, தலை நன்றாகச் சுற்றியது. ஆனாலும் எட்டு திட்டத்தில் இருந்தது.

கடைசியில் அக்கா தன்னுடையதைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். பொம்பளைங்களுக்கு நாலு பாத்ரூம். உள்ள தண்ணி, கதவுக்குத் தாப்பா."

தலைவர் மூக்கைத் தேய்த்தார். "பார்க்குல போயி கக்கூஸாக்கா? நாத்தம் அடிக்காது?"

"தோல் பதனிடற ஷாப்புக்குப் பின்னால வீடு கட்டிக்கினு இருக்கீங்க. உங்களுக்கு நாத்தமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, கழிப்பறை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்த இடத்தில்தான் ஓவர்சியரின் எட்டு வருகிறதாம். அடுத்த கூட்டத்தில் திட்டத்தை இறுதி செய்வதென்று எழுதிவிட்டு நான் புத்தகத்தை மூடினேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அம்பு விடுகிறவருக்கே ஓர் அம்பு விழுந்ததே என்று.

வெளியே வந்தபோது அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு வெளியே அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. செக்கிங்கில் நின்று நின்று பழகியவர்.

"கிளார்க்கு சார், காலைல ஆறு மணிக்கு அந்த பஸ் ஸ்டாப்பு பக்கம் வந்திருக்கீங்களா?"

"ஆறு மணிக்கு எனக்கென்ன வேலை அங்க?"

"மாதனூரு பக்கம் கிராமத்துப் பொண்ணுங்கல்லாம் ஷேர் ஆட்டோல வந்து எறங்கும். கம்பெனி பஸ் சிலது ஆறரைக்கு வரும், சிலது ஏழரைக்கு வரும். அதுவரைக்கும் அங்கதான் நிக்கணும். நானும் நின்னேன். எங்க போறது? அதனால காலைல தண்ணியே குடிக்க மாட்டோம். ஒரு வாய்கூட. இருபத்திரண்டு வருஷம் நான் காலைல தண்ணி குடிச்சதில்ல சார். கிட்னில கல்லு வந்து ரெண்டு தபா ஆஸ்பத்திரில படுத்தேன். இப்பக்கூட காலைல தண்ணி எறங்க மாட்டேங்குது, தொண்டை பழகிப்போச்சு."

நான் அந்த ஊரில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன். தினம் அந்த நிறுத்தத்தில் இறங்குகிறவன். அது எனக்குத் தெரியாது என்பதுதான் வெட்கமாக இருந்தது.

அக்கா ஓர் ஏற்பாடு செய்தார். ஷூ கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. புது மாடலை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், கம்பெனி ஆட்களே அதைப் போட்டுக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். எங்கே கடிக்கிறது, எங்கே இறுக்குகிறது என்று காலுக்குத்தான் தெரியும். இதற்கு வேர் டிரையல் என்று பெயர். பூங்காவையும் மன்றம் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் திட்டம். ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் வர மாட்டார்களே. அதனால் தலைவரிடம் போய், "பேப்பர்ல போடறதுக்கு போட்டோ எடுக்க ஸ்டுடியோ பாய் வர்றாரு. எல்லா கவுன்சிலரும் இடத்துல நின்னா நல்லா இருக்கும். காலைல வெளிச்சம் நல்லா விழும்" என்றார். தலைவர் அன்றே எல்லோருக்கும் போன் போட்டார். மன்றத்தாரை ஆறு மணிக்கு வரச் சொன்ன அக்கா, ஸ்டுடியோ பாயை எட்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்.

ஆறு மணிக்குப் பதினைந்து கவுன்சிலர்களும் வந்துவிட்டார்கள். பெண்கள் பட்டுப்புடவையில், கூடவே வீட்டுக்காரர்கள். ஓவர்சியரும் நானும்கூடப் போயிருந்தோம். அக்கா ஒரு பெரிய கேன் நிறைய டீ கொண்டுவந்திருந்தார். "வெறும் வயித்தோட நிக்காதீங்க, குடிங்க" என்று ஒவ்வொருவர் கையிலும் இரண்டு இரண்டு கப்பாகக் கொடுத்தார். டீ முடிந்ததும் மோர். மோர் முடிந்ததும் இளநீர். இவ்வளவு நாள் சண்டை போட்டவர் இப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறாரே என்று தலைவர் நெகிழ்ந்தே போனார்.

ஏழு மணிக்கு நெகிழ்ச்சி குறைந்தது. தலைவர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். "பாய் எங்கக்கா?"

"வந்துக்கினே இருக்காரு தலைவரே. இன்னொரு எளநீர் சீவட்டுமா?"

அக்கா என் பக்கத்தில் வந்து, "பாருங்க, இப்ப கடிக்க ஆரம்பிச்சிருக்குது" என்று கிசுகிசுத்தார். முகம் பளபளத்தது.

அப்போது தலைவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ... ஆங், சொல்லு" என்றபடி மெதுவாகத் தோல் குடோன் சுவருக்குப் பின்னால் போனார். இரண்டு நிமிடத்தில் புது மனிதராகத் திரும்பி வந்தார். உடனே ஒன்பதாம் வார்டு வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. அவர் போய்விட்டு வந்ததும் ஓவர்சியருக்கு. கால்மணி நேரத்தில் ஊரிலுள்ள எல்லா ஆண்களுக்கும் முக்கியமான அழைப்பு வந்து, எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் வந்தது.

நான் திரும்பி வந்தபோது அக்காவின் முகம் விழுந்திருந்தது.

"இருபத்திரண்டு வருஷம் செக்கிங்ல இருந்தேன் சார். சுவத்த வுட்டுட்டேனே" என்றார்.

அவரிடம் ஒரு குறை தப்பிப் போனதை அன்றுதான் பார்த்தேன். பார்க்கப் பாவமாக இருந்தது. நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் முப்பது நாற்பது பேர், பட்டுப்புடவைக் கவுன்சிலர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண், ஒன்பதாம் வார்டு அம்மாளின் கையிலிருந்த இளநீரைப் பார்த்து, "அதக் குடிக்காதீங்கம்மா. இங்க நிக்கறதுன்னா நாங்கல்லாம் எதையும் குடிக்க மாட்டோம்" என்றாள். அந்த அம்மாள் ஏற்கனவே முக்கால்வாசி குடித்திருந்தார்.

எட்டரைக்குப் பாய் வந்தார். போட்டோவும் வந்தது. ஆண்களெல்லாம் தலை வாரிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறார்கள். பெண்கள் எட்டுப் பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு, எந்த நிமிடமும் ஓடத் தயாராக நிற்கிறார்கள். பேப்பரில், 'பூங்கா பணிகள் குறித்துத் தீவிர ஆலோசனை' என்று போட்டிருந்தார்கள்.

அடுத்த கூட்டம். பூங்காத் திட்டத்தை நான் வாசித்தேன். நீரூற்று, ஐந்தடி ஷூ ஜோடி, எட்டு வடிவ நடைபாதை, நான்கு பெஞ்சு. "ஆல் பாஸ்" என்றார் ஒருவர். தலைவர் அக்காவைப் பார்த்து, "எக்கா, எதிர்ப்பு இருந்தா கை தூக்கிடுங்க, எழுதிப்பாங்க. முடிச்சிரலாம்" என்றார், களைத்த குரலில்.

அக்கா கையைத் தூக்கினார். தனியாகத்தான் தூக்கினார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே தூக்கிய கை. நான் 'ஒரு உறுப்பினர் மட்டும்' என்று எழுத ஆரம்பித்தேன்.

முன்வரிசையில் வளையல் சத்தம் கேட்டது. ஒன்பதாம் வார்டு அம்மாளின் கை மேலே போய்க்கொண்டிருந்தது.

"ஏய்! இன்னா பண்ற நீ? கைய எறக்கு" என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து.

அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் குரலைக் கேட்டேன். மெல்லிய குரல்.

"உங்களுக்கு சுவரு இருந்துச்சு, போய்ட்டு வந்துட்டீங்க. நான் ரெண்டரை மணி நேரம் நின்னேன்."

பிறகு ஆறாம் வார்டு கை. பிறகு பன்னிரண்டாம் வார்டு. பின்வரிசையில் நாற்காலிகள் நகர்ந்தன, "ஏம்மா... ஏம்மா..." என்று குரல்கள் கேட்டன. யாரும் கையை இறக்கவில்லை. எட்டுக் கை. எதிரே ஏழு. தலைவர் இரண்டு தடவை எண்ணினார். பிறகு என்னை எண்ணச் சொன்னார். நானும் எண்ணினேன். ரொம்ப நிதானமாக, ஒவ்வொரு கையாக எண்ணினேன். அப்படி அனுபவித்து என் சர்வீஸில் எதையும் எண்ணியதில்லை.

அக்கா மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை, என் நோட்டில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் ஓரம் ஈரமாகத்தான் இருந்தது.

கழிப்பறைக்கு இடம் விட்டு ஓவர்சியர் தன் எட்டை இழந்தார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு சின்ன வட்டத்தை வைத்துக்கொண்டு சமாதானமானார். கழிப்பறை கட்டும்போது அக்கா தினமும் போய் நின்றார். மேஸ்திரி இரண்டு தடவை வேலையை விட்டு ஓடிப் போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தார். முடிந்தபோது டைல்ஸில் ஓர் அம்புகூட இல்லை. திறப்பு விழாவில் தலைவர், "பெண்களுக்கு வசதி வேண்டுமென்பது எனது நெடுநாள் கனவு" என்று பேசினார். அக்கா மேடையில் இல்லை. நான்கு கதவையும் உள்ளேயிருந்து பூட்டித் தாழ்ப்பாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்த அன்று மாலையே செயல் அலுவலர் கழிப்பறையைப் பூட்டச் சொன்னார். பராமரிப்புக்கு ஆள் போட்டு உத்தரவு வரும்வரை சாவி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அவரையும் குறை சொல்ல முடியாது, விதி அப்படி. அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. கடைசி கம்பெனி பஸ் போவது ஏழரைக்கு. உத்தரவு எப்போது வரும் என்று கேட்டால், அதை இன்னும் இரண்டு வருடம் கழித்துக் கேளுங்கள்.

மறுநாள் அக்கா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கத்தப்போகிறார் என்று பேனாவை மூடி வைத்தேன். கத்தவில்லை.

"கிளார்க்கு சார், இதுவரைக்கும் நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

கேட்டதேயில்லை. இத்தனை நாளும் உத்தரவு போட்டிருக்கிறார், அவ்வளவுதான். நான் இழுப்பறையைத் திறந்தேன். சாவியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, டீ குடிக்க வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது சாவியும் இல்லை, அக்காவும் இல்லை. சாவிப் பதிவேட்டை எடுத்து, 'பூங்காக் கழிப்பறைச் சாவி அலுவலக இழுப்பறையில் பத்திரமாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதையே எழுதினேன். முப்பத்தைந்து வருட சர்வீஸில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் தைரியமாகச் சொல்கிறேன். விசாரணை வைத்தால் வைக்கட்டும்.

ஓய்வு பெற்ற அன்று என் இடத்துக்கு வந்த சின்னப் பெண்ணிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். கெட்டிக்காரி. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் கண்ணால் பார்த்த பிறகுதான் டிக் போட்டாள். முத்திரை, இருக்கிறது. தீர்மானப் புத்தகம், இருக்கிறது. சாவி என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு வியர்த்துவிட்டது.

"அது வந்தும்மா... நாலாவது வார்டு அக்காகிட்ட இருக்குது. அவங்கதான் காலைல..."

"தெரியும் சார்" என்றாள். "எங்கம்மா அந்த ஸ்டாப்லதான் பஸ் ஏறுறாங்க."

சாவிக்கு நேரே டிக் போட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அக்கா இன்னும் காலை ஐந்தரைக்கே போய்த் திறந்து, கழுவிவிட்டு நிற்கிறார் என்று கேள்வி. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, கொஞ்சம் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், சொன்னால் கேட்க மாட்டார்.